கூட்டறிக்கையில் ஒரு மெய்யெழுத்து

வெள்ளி பின்னேரம் கச்சேரி மண்டபத்தில்
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது.
இடப்பக்கம் படுவான்கரை வேளாண்மைக்காரர்,
வலப்பக்கம் வாவியில் வலை வீசுபவர்கள்,
மேசைத் தலைப்பில் நான்,
கூட்டறிக்கை எழுத.

“ஆத்துவாய வெட்டித் தாங்க” என்றார் வேலாப்போடி.
“பத்து நாளாத் தண்ணிக்குள்ள கிடக்கு வேளாண்மை.”
அவர் வாயில் வெட்டு என்பது
அறுவடைச் சொல்.
தாக்கத்தியும் சூடும் வைக்கோல் மணமும்
அதன் பின்னாலேயே வந்தன.

“வெட்டுங்க. எங்கட வயித்தையும் சேத்து வெட்டுங்க”
என்றாள் மரியநேசம்.
இறால் பருக்கிற மாதம்.
அதே சொல்தான்.
அவள் சொன்னபோது அதில் இரத்தம் இருந்தது.

நான் எழுதினேன்:
‘முகத்துவாரத்தை வெட்டுவது தொடர்பாக
இருவேறு கருத்துகள் தெரிவிக்கப்பட்டன.’
கருத்து என்று எழுதியதும்
இரண்டு பக்கத்துப் பசியும்
ஒரே அளவுக்குச் சுருங்கி
ஒரு வரிக்குள் கையைக் கட்டி உட்கார்ந்தன.

தீர்மானம் திங்களுக்குப் போனது.
மழை போகவில்லை.

ஞாயிறு இரவு, விடிய மூன்றரை இருக்கும்,
என் கணவர் படலையைத் திறந்தார்.
கிணற்றடியில் வாளிச் சத்தம்.
பிறகு அதிக நேரம் சத்தமே இல்லை.
காலையில் மதிலோடு சாய்ந்திருந்தது மண்வெட்டி.
அலகின் மூலையில் கடல்மணல்.
வவுணதீவில் எங்களுக்கிருக்கும் இரண்டு ஏக்கரில்
அந்த நிறத்தில் ஒரு பிடி மண் கிடையாது.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.
சீனி போதுமா என்று மட்டும் கேட்டேன்.

பாலமீன்மடுப் பக்கம் போனவர்கள் சொன்னார்கள்:
முழங்கால் அகல வாய்க்கால்தானாம் முதலில்,
விடிந்தபோது ஒரு லொறி போகுமளவு.
ஆறு முழுவதும் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“திறக்கப்பட்டது எண்டு போடுங்க யோகராணி,
பிரச்சினை இல்ல” என்றார் மேலதிகாரி.
திறக்கப்பட்டது.
திறந்தவரைக் கேட்டால் வாய் திறக்காத சொல்.
பட்டது யாரென்றும் சொல்லாது.

திறந்தது என்று போடலாம்.
கதவு திறந்தது, காற்று கதவைத் திறந்தது:
இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு
இரண்டு வீட்டுக்கும் தலையாட்டும்.

மிச்சமிருந்தது உடை.
உடைந்தது என்றால் ஒருவருமில்லை.
இருட்டு, மழை, மணல், தண்ணீரின் பாரம்.
உடைத்தது என்றால்
ஒரு கை வந்துவிடுகிறது.
கையின் முனையில் மண்வெட்டி,
மறுமுனையில்
என்னோடு ஒரே பாயில் படுக்கிற மனிதன்.
நடுவில் ஒரேயொரு மெய்.
மெய் என்றால் உண்மை என்றும் உடம்பு என்றும்
பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன்,
பத்துக்குப் பத்து.

‘மண்திட்டு இயற்கையாக உடைந்தது’ என்று எழுதினேன்.
‘இயற்கையாக’வை யாரும் கேட்கவில்லை.
நானாகத்தான் போட்டேன்.

மறுவெள்ளி அறிக்கையை உறுதிப்படுத்தும் நேரம்.
வேலாப்போடியின் சட்டை தேய்த்திருந்தது.
வேளாண்மை தலை தூக்கிவிட்டதாம்,
கால்வாசிதான் அழுகலாம்.
மரியநேசம் தாளை வாங்கி
விரல் வைத்து வாசித்தாள்.
விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதுல ஒரு எழுத்துப் பிழை கிடக்கு புள்ள.”

வேலாப்போடி மின்விசிறியைப் பார்த்தார்.
நான் பேனையின் மூடியைக் கழற்றினேன்,
மறுகாப் பூட்டினேன்.
முன்மொழிந்தவர்: திரு. வேலாப்போடி.
வழிமொழிந்தவர் என்ற சொல்லுக்குப் பின்னால்
இரண்டு புள்ளியும் வெறும் கோடும்
இன்றைக்கும் கிடக்கின்றன.

அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி அவர் கேட்டார்,
“இறால் கிடைக்கல்லயா?”

கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
பொய்யுமில்லை, சந்தையில் அவ்வளவு விலை.
“வாங்கல்ல” என்றேன்.
பிசைந்த கை நின்றது.