சர்க்கரை மூட்டை

நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தேன்.
ஸ்டியரிங் என் வயிற்றை உரசித்தான் திரும்பும்.
தெமுக்கோ ஆஸ்பத்திரியில் இரைப்பையை
வெட்டிச் சிறிதாக்கி அனுப்பினார்கள்.
முதல் மாதம் பதினான்கு கிலோ போனது.
பெல்ட்டில் ஆணியால் துளை போட்டுக்கொண்டே இருந்தேன்.

கூடவே ஒரு மாத்திரை:
காலை ஒன்று, இரவு ஒன்று, ஆறு மாதம்.
பித்தப்பையில் கல் சேராமலிருக்க, என்றாள் நர்ஸ்.
பெயருக்குள் ஒரு கரடி இருக்கிறதாம்.
எங்கள் மலையில் பூமா உண்டு, கரடி கிடையாது.
இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டேன்.
வலிக்காத இடத்துக்கு மருந்தா?

அக்கா எர்சிலியா ஜாம் பாட்டிலை ஆட்டினாள்.
உள்ளே அவளுடைய ஏழு கற்கள்.
"வெறும் சூப்பிலேயே இளைத்தேன், நிபால்தோ,
தெருவே மெச்சியது.
ஓர் இரவு வலது விலாவின் கீழ் குதிரை உதைத்தது."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை மழை. லௌத்தாரோ சாலையில்
மரம் ஏற்றிய லாரி கவிழ்ந்து கிடந்தது.
என் முதுகில் ஏழு கன மீட்டர் கான்கிரீட்,
ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் தளம்.
மூன்றாம் மணி நேரத்தில் உருளை முனக ஆரம்பித்தது.
நின்றால் இறுகும்.
இறுகினால் ஆள்தான் உள்ளே புகுந்து உடைக்க வேண்டும்.
ஒருமுறை புகுந்திருக்கிறேன்.
மூன்று நாள் காது கேட்கவில்லை.

சீட்டுக்குப் பின்னால் சர்க்கரை மூட்டை.
நாங்கள் எல்லோருமே வைத்திருப்போம்.
ஏணியில் ஏறி, நனைந்துகொண்டே,
என் நாக்கில் படக்கூடாத அதை
கிலோ கிலோவாகக் கொட்டினேன்.
சர்க்கரை தின்ற கான்கிரீட் இறுக மறந்துவிடும்.
தளம் வீண். உருளை தப்பியது.

பிசுபிசுத்த கையோடு உட்கார்ந்தபோதுதான்
நர்ஸ் சொன்ன மீதி ஞாபகம் வந்தது:
அவசரமாக இளைக்கும் உடம்பு
கரைத்த கொழுப்பைப் பித்தத்தில் கொட்டும்;
சோறு வராத பை சுருங்காமல் சும்மா கிடக்கும்;
கிடப்பது கெட்டியாகும்.
அன்று காதில் விழுந்தது. இன்றுதான் உள்ளே போனது.

டாஷ்போர்டுப் பெட்டியில்
டீசல் ரசீதுகளுக்கு அடியில் கரடி இருந்தது.
ஒன்றை விழுங்கினேன்.
விட்டுப்போன நாட்களை அது மன்னிக்குமா, தெரியாது.
விட்டதைச் சொல்லிவிட வேண்டும்;
வியாழக்கிழமை ஸ்கேன்.

இரவு எர்சிலியா அவகாடோவை அறுத்து உப்புத் தூவினாள்.
"கொழுப்பாச்சே" என்றேன்.
"அந்தப் பைக்கும் கொஞ்சம் வேலை வேண்டாமா" என்றாள்.
இரண்டு ஸ்பூன். அதற்குமேல் வயிற்றில் இடமில்லை.

படுத்தபின் விலாவின் கீழ்
கை வைத்துப் பார்த்தேன்.
ஒரு சத்தமும் இல்லை.
அடுத்த அறையில் அவள்
பாட்டிலை அலமாரியில் வைக்கும்போது மட்டும்
கலகலவென்று.