ஈரத்தோடு மடித்தது

மங்காஃப், ஜூன், பகல் பன்னிரண்டு.
நீலப் புள்ளிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்.
கீசரை மே மாதமே அணைத்தாயிற்று,
அதனால் சிவப்புப் புள்ளிதான் எங்களுக்குக் குளிர்ந்தது.
அதைத் திறந்துவிட்டு
ஷவரின் கீழ் புது மழைக்கோட்டோடு நிற்கிறேன்,
தையல் ஒழுகுகிறதா என்று பார்க்க.
கதவுக்கு வெளியே உவைஸ் நிமிடம் எண்ணுகிறார்.
"அஞ்சு ஆச்சு, போதும்.
இதுக்கு மேல மழை எங்கயும் பெய்யாது."

பெய்யும் என்கிறாள் மரிசெல்.
அவள் ஊரில் மத்தியானம் பிடித்தால் சாயங்காலம் வரை.
சில சமயம் புதன்கிழமை வரை.

அவளும் நானும் ஒரே லேப்.
கடல் குடிநீராகி ஆலையை விட்டுப் போகும் வழியில்
ஒரு பாட்டில் எங்கள் மேசைக்கு வரும்.
மிச்ச உப்பை எண்ணி எழுதுவது என் வேலை,
பதினோரு வருடமாக.
மழையில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன்.
"யார் அளந்தார்கள், ஓடித்தான் பழக்கம்" என்றாள்.
பலவானுக்கு வா என்று
ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிடுவாள்.
இந்த முறை வாய் தவறி
சரி என்றுவிட்டேன்.

ஊசி இரண்டு. இடது தோள் இன்னும் கல்.
கொசு மருந்து; அதன் படத்தில் கொசு
நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.
முழங்கால் வரை ஏறும் கித்தான் காலுறை,
அட்டை கடிக்காமலிருக்க.
ஸஃபாவுக்கு ஏழு வயது. காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அட்டைப்பெட்டி எப்படிம்மா கால்ல ஏறும்?"

மரிசெல் அறையிலும் ஓர் அட்டைப்பெட்டி,
என் இடுப்புயரம்.
டின் இறைச்சி, பால்பவுடர், துவாலை,
சோப்பு மட்டும் அறுபது கட்டி.
என் காலுறையைப் பார்த்துச் சிரித்தாள்.
"காலில் சோப்பைத் தேய்த்துக்கொள், ஏறாது."
அதற்கா இவ்வளவு சோப்பு?
"இல்லை. குளிக்க."

உவைஸின் லாத்தா குரல் அனுப்பியிருந்தார்:
"தென்னமரமும் மழையும் பாக்கவா காசு குடுத்துப் போறிய?
இங்க வந்தா ரெண்டும் சும்மாதானே."
உவைஸ் அதை ஒரு வார்த்தையும் சேர்க்காமல்
எனக்குத் தள்ளிவிட்டார்.
நான் இன்னும் பதில் போடவில்லை.
ஊருக்கு என்றால் பதினேழு வீட்டுக்கு சென்ட் பாட்டில்,
பதினெட்டாவது வீட்டின் கோபம்,
எந்தக் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்ற கணக்கு.
காட்டில் ஒரு மரத்துக்கும்
நான் இன்னார் மருமகள் என்று தெரியாது.
இதை எப்படிக் குரலில் சொல்ல?

இரவல் பைனாகுலரைப் பழகிப் பார்க்க
பால்கனிக்கு வந்தேன்.
புழுதியில் எதிர்க் கட்டடம் பாதிதான் இருந்தது.
மூன்றாம் மாடி ஏசியின் ஒழுகுகுழாயில்
தலைகீழாகத் தொங்கி
ஒரு மைனா குடித்துக்கொண்டிருந்தது.
அந்தத் தண்ணீரின் உப்பை
நான் எண்ணியதில்லை.
பறவைகளுக்கென்று வாங்கிய நோட்டில்
முதல் பக்கம் எழுதினேன்:
மைனா, ஒன்று, பன்னிரண்டு ஐம்பது.
பலவானில் மயில் உண்டாம், இருவாச்சி உண்டாம்.
இருக்கட்டும். இது முதலில் வந்தது.

கொடியில் போட்ட மழைக்கோட்டு
ஸஃபாவின் சட்டைகளை மடித்து முடிப்பதற்குள்
அப்பளமாய்க் காய்ந்துவிட்டது.
அங்கே துவைத்தது நாலு நாளானாலும் காயாது,
பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கும்,
உப்பு டப்பியில் அரிசி போட்டு வைப்போம் என்று
மரிசெல் குறைப்பட்டுக்கொள்கிறாள்.
நாலு நாள் காயாத ஒன்றை
எவ்வளவு முயன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செருப்புப் பெட்டிகளில் சேர்த்துவைத்த
ஈரம் குடிக்கும் சின்னப் பொட்டலங்களை
கேமரா பைக்குள் போட்டேன்.
பிறகு குளியலறைக்குப் போய்
கோட்டை மறுபடி நனைத்து,
உதறாமல் மடித்து,
பெட்டியின் அடியில் வைத்தேன்.

தொங்குதராசைப் பிடித்துத் தூக்குகிறார் உவைஸ்.
இருபத்திரண்டு கிலோ எண்ணூறு.
அடியைத் தடவிப் பார்க்கிறார்.
"கோட்டு காயலையா?"
இல்லை என்கிறேன்.