எரிமலைக்குப் பதிலாக

கடன் படிவங்களுக்கு நடுவே
றிஸ்மியா ஒரு படம் காட்டினாள்.
எந்த ஊரோ, ஒரு தம்பதி,
இருபத்தொரு நாளில்
பூங்கா, காடு, எரிமலை, கடற்கரை.
"நமக்கு ஒருநாள் லீவு இரிக்கி,
பெற்றோலுக்கு ஆளுக்குப் பாதி."

என் ஆல்ட்டோ எனக்கு முன்
மூன்று பேரிடம் இருந்தது.
இரண்டாவது கியருக்கு ஒரு பிடிவாதம்:
கெஞ்சினால் விழாது,
அதட்டினால் விழும்.
எனக்கு அதட்ட வராது.

கந்தளாய்க் குளக்கட்டில் விடிந்தது.
தண்ணீருக்குள் நின்ற பட்டமரங்களில்
நீர்க்காகங்கள்
இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன.
பிளாஸ்க்கில் அவள் கொண்டுவந்த தேநீரில்
இஞ்சி கூடிவிட்டது;
இருவரும் சொல்லவில்லை.

கவுடுல்லைப் பூங்கா வாசலில்
ஜீப்காரர் சொன்ன விலைக்கு
அவள் சிரித்த சிரிப்பில்
அவரே பாதி குறைத்தார்.
அப்போதும் போகவில்லை.

திரும்பும் வழியில்
ஒரு சதமும் கேட்காமல்
நடுத்தெருவில் நின்றது யானை.
முன்னால் நின்ற லொறிக்குள் தும்பிக்கையை விட்டு
பூசணிக்காய் ஒன்றை எடுத்தது,
எங்கள் முகாமையாளர் கையொப்பமிடுவதுபோல,
எதையும் வாசிக்காமல்.
றிஸ்மியா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.
நான் அதன் கண்மயிரைப் பார்த்தேன்.
இவ்வளவு நீளமா?

பிறகு காடு.
பாலையும் வீரையும் முதிரையும்
தெருவுக்கு மேலே தலைமுட்டிக்கொள்ளும் இடம்.
ஒரு வளைவில்
கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.
பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி
பையைத் திறந்து பிடித்தபடி
வரிசையில் நின்ற இடம்.
எனக்கு அப்போது பதினொரு வயது,
என் பைக்குள் கொம்பாசு.
இப்போது அங்கே ஒருவர்
செவ்விளநீர் குலை தொங்கவிட்டிருக்கிறார்.
"ஏன் புள்ள ஸ்லோ பண்ணினாய்?"
"இளநீர் குடிப்பம்" என்றேன்.

"எல்லாம் சரி, எரிமலை?"
"கன்னியா இருக்கு."
"அது கிணறு."
"அடுப்பு கீழே."

ஏழு கிணறுகள்.
எட்டிப் பார்த்தால் அடி தெரியும்,
யாரோ போட்ட ஐந்து ரூபாய் தெரியும்.
ஒவ்வொன்றிலும் சூடு வேறு.
முதலாவதில் கைவிரல், இரண்டாவதில் மணிக்கட்டு,
ஐந்தாவதில் "உம்மா!" என்று கையை இழுத்தாள்.
பக்கத்தில் ஒரு குடும்பம்
மொட்டையடித்த குழந்தைக்கு
வாளி வாளியாக ஊற்றியது;
குழந்தை சிரிப்பதா அழுவதா என்று
முடிவெடுக்கவில்லை.

ஏழாவதின் கட்டில் இருந்துகொண்டு
அவள் சொன்னாள்:
"மாற்றம் வந்திட்டு. அக்கரைப்பற்று.
முதலாம் திகதி போகணும்.
வெள்ளிக்கிழமையே தெரியும்."

அன்றைக்குத்தான்
அந்தப் படத்தைக் காட்டியிருந்தாள்.

வாளியில் மொண்டேன்.
என் காலில் ஊற்றினேன்,
பிறகு அவள் காலில்.
ஆவி எழும்பி, கண்ணாடி மங்கி,
கொஞ்ச நேரம்
இருவருக்கும் வசதியாக இருந்தது.

நிலாவெளிக்கு அப்பால்
புறாமலை கடலுக்குள் முதுகு காட்டியது.
அதுவும் தேசியப் பூங்காதான்,
படகுக்கு நேரம் போய்விட்டது.
"பார்த்தாச்சு என்று எழுது" என்றாள்.
எழுதினேன்.
இறக்கக்கண்டிப் பாலத்தில்
வலையைத் தோளில் மடித்துப்போட்ட பையன் ஒருவன்
எங்கள் காரோடு போட்டியாகச் சைக்கிள் மிதித்தான்,
வென்றான்.

அரிசிமலையில்
மணல் உண்மையிலேயே அரிசிபோல் கிடந்தது.
கழுவிப் போட்டால் உலைக்காகும் என்றாள்.
அங்கிருந்து புல்மோட்டை போய்ச் சேர,
கடற்கரை கறுத்தது.
கறுப்பு மணல் வெயிலைக் குடித்து வைத்திருந்து
செருப்புக்குள் துப்பியது.
அவள் என் கைப்பையைப் பிடுங்கி
அதன் காந்தப் பூட்டை மணலில் ஒற்றினாள்.
எடுத்தபோது
பூட்டுக்குத் தாடி முளைத்திருந்தது.
"இது போகாது பாரு" என்றாள்.
துடைத்தும் பார்த்தாள்.
போகவில்லை.
இன்றைக்கும் அந்தப் பை சரியாக மூடுவதில்லை,
சில்லறை விழுகிறது.

குச்சவெளியில் இருட்டிவிட்டது.
மாடுகள் தெருவின் சூட்டில் படுத்திருந்தன.
எழும்ப மனமில்லாமல் ஒன்று எழும்பி வழிவிட,
நான் கிளச்சை மிதித்தேன்.
இரண்டாவது விழவில்லை.
இன்னொரு முறை. விழவில்லை.

றிஸ்மியா குனிந்து
கியர்க்கம்பியின் காதோடு
என்னவோ ஏசினாள்.

விழுந்தது.