இடது பக்கம்

பன்னிரண்டு ஆல்பம், ஒரே இரவு.
பூந்தோட்டம் ரயிலடிக்குப் பின்னால்
என் மோட்டார் ரீவைண்டிங் கடை.
வார்னிஷ் வாடை போகட்டுமென்று
ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருக்கிறேன்.
குறுவை அறுப்பில் மழை.
இன்னாசியின் எந்திரம்
யாருடைய வரப்போரமோ
தார்ப்பாய் போர்த்துக்கொண்டு நிற்கிறது.
அவனுக்கு இன்று வேலையில்லை.

"ஒண்ணுலேருந்து பன்னெண்டு.
ரெண்டு பேருக்கு ஒரே இடம் கெடையாது" என்றான்.
விதைநெல் மூட்டைச் சீட்டைத் திருப்பிக் கோடு போட்டேன்.
ஒரு வயரை இரண்டாகப் பிரித்து
நானே பற்றவைத்தது,
ஆளுக்கொரு ஹெட்ஃபோன்.

அப்போது எங்களுக்கு எதன் பெயரும் தெரியாது.
காரைக்காலில், சொல்தா வீட்டு மாடியில்,
பிரான்சிலிருந்து வந்த தட்டுகளை
அவர் மருமகன் கேசட்டில் பிடித்துத் தருவான்.
பதினெட்டு ரூபாய்.
அட்டையை ஒருதரம் பார்க்கலாம், தொடக் கூடாது.
பார்த்ததை வைத்து நாங்களே பெயர் வைத்தோம்:
நீலக் கழுதை.
எரியும் நாற்காலி.
பாதிரியார் முதுகு.
இப்போது போனில் எல்லாவற்றுக்கும்
சரியான பெயர் இருக்கிறது.
அது அவர்கள் பாடு.

நீலக் கழுதை நாலாவது. தகராறில்லை.

எரியும் நாற்காலியின் கடைசிப் பாட்டு
எங்கள் கேசட்டில் முடிந்ததே இல்லை.
பாடகன் உச்சத்துக்கு வாய் திறப்பான்,
நாடா தீர்ந்து, டக்.
முப்பத்து மூன்று வருஷம் கழித்து
அந்த வாய் மூடியதை இன்றுதான் கேட்டோம்.
இன்னும் நாலு நிமிஷம் இருந்திருக்கிறது.
சுமார்தான்.
டக் வரவேண்டிய இடத்தில்
ரெண்டு பேர் தலையும் தானாக வெட்டியது.
"அது நல்லா இருந்துச்சுடா" என்றான்,
டக்கைச் சொன்னான்.
மூன்றிலிருந்து ஆறுக்கு இறக்கினோம்.

அடுத்தது பாதிரியார் முதுகு.
கேட்காமலே ஒன்று என்று எழுதப் போனேன்.
அதற்காகச் சைக்கிள் டைனமோவை விற்றுவிட்டு
ஆறு மாதம் இருட்டில் மிதித்தவன் அவன்.

"பதினொண்ணு" என்றான்.

"என்னது?"

"காலியா இருக்குடா. பாடுறான், தட்டுறான்,
மத்தபடி ஒண்ணுமில்ல.
சின்னப் பசங்க, நாமளே என்னத்தையோ போட்டு ரொப்பிக்கிட்டோம்."

ரொப்பிக்கிட்டோமாம்.
அரைமணி நேரம் சண்டை.
வயசானால் ருசி செத்துப்போகும் என்றேன்.
உனக்கு இனிமே அறுப்பு மெஷின் சத்தம்தாண்டா பாட்டு என்றேன்.

சொன்ன வாயோடு நின்றேன்.

அந்த எந்திரத்தில் புகைக்குழாய்
ஓட்டுகிறவனின் இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி.
பதினேழு வருஷம், வருஷத்துக்கு இருபோகம்.
சாயங்காலம் நான் நாற்காலி போட்ட இடத்தை விட்டுவிட்டு
சுற்றிவந்து என் இடது பக்கம்தான் உட்கார்ந்தான்.
நான் காற்றுக்காக என்று நினைத்தேன்.

பாதிரியார் முதுகில்
கிட்டார் முழுக்க இடது காதுக்கு.
அந்தக் காலத்துப் பதிவு அப்படி.

ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி
வியர்வை துடைப்பதுபோல் வேட்டியில் துடைத்து
வலதை இடதாகத் திருப்பி மாட்டினேன்.
பாட்டை முதலிலிருந்து வைத்தேன்.

பன்னிரண்டாவது வினாடி.
அவன் கை என் முழங்காலைப் பிடித்தது,
கியர் போடுகிற பிடி.

"வந்துட்டாண்டா."

வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.
பிறகு, கூட்டத்தில் ஆளைத் தேடுகிறவன்போல்,
"சரி, தட்டுனவன் எங்கடா போனான்?"

நான் வாயைத் திறக்குமுன்
பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான்.
பதினொன்றை அடிக்கவில்லை.
மேலே, ஒன்றுக்கு நேரே, இன்னொரு தரம் எழுதினான்:
பாதிரியார் முதுகு, திருப்பி மாட்டினால்.

"ஒரே ஆல்பத்துக்கு ரெண்டு இடமா?"

"ரெண்டு பேருக்கு ஒரே இடம்தான் கெடையாதுன்னேன்."

பன்னிரண்டு ஆல்பத்துக்குப் பதிமூன்று வரி.
ஷட்டருக்கு வெளியே மழை மெலிந்தது.
அது எந்தக் காதில் விழுந்ததோ, எட்டிப் பார்த்து,
"நாளைக்கு வெயிலடிச்சா எறங்கணும்" என்றான்.
அடிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.
சாய்ந்து கிடக்கும் நெல் ஞாபகம் வந்து
அதை மாற்றிக்கொண்டேன்.