வெளியேறும் நாள்

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி.
ஏசி உண்டு, சர்வருக்காக.
முதல் நாள் எனக்கொரு பெயர் தந்தார்கள்: இன்டர்ன்3.
பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், பெயரை முடியாது.

குடியாத்தம் பஸ் என்னை கிரீன் சர்க்கிளில் இறக்கிவிடும்போது
காலை எட்டரை. கம்பி அதற்குள் சுடும்.
சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு,
ஜூன் கடைசியில் சர்டிஃபிகேட் என்றார் ஹேம்நாத்.
என்னைவிட ஐந்து வயதுதான் பெரியவர்,
தலைமுடி மட்டும் அவசரப்பட்டுவிட்டது.

முதல் வாரம் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினேன்.
இரண்டாம் வாரம் அதைப் பழைய நிறத்துக்கே மாற்றினேன்.
மூன்றாம் வாரம்
எனக்கே எனக்கென்று ஒரு பிழை வந்தது.
டிக்கெட் எண் 212:
பதினொரு லாட்ஜுகளிலும் நானூற்றுப் பதினேழு பேர்
ஒரே நாளில் அறையைக் காலி செய்கிறார்கள்.
31-12-2099.

தேதிக் கணக்கில் கோளாறு என்றுதான் நினைத்தேன்.
சர்வர் கடிகாரம், லீப் வருடம், லூப்புக்குள் லூப்.
இரண்டு நாள் தேடியும்
கோடில் ஒரு தப்பும் இல்லை.
பல் வலிக்கிறது, எந்தப் பல் என்று தெரியவில்லை.

நேரில் போய்ப் பாரேன் என்றார் ஹேம்நாத்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து. வங்காள எழுத்தில் போர்டுகள்,
மீன் குழம்பு வாசனையில் கடுகெண்ணெய்.
கவுன்ட்டரில் வாஜித் பாய்,
கீபோர்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்.
"இன்னாம்மா பண்றது? போற நாள் போடலன்னா
அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது.
ஸ்டார் வெச்சிக்கீறீங்க இல்ல?
கிட்டத்துல தேதி போட்டா, அன்னிக்கி காலையில
'பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்யவும்'னு
உங்க மெஷினு மெசேஜ் அனுப்பிடுது.
ஒருத்தரு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னுக்கினு
அதப் படிச்சிட்டு எனக்கு போன் பண்ணாரு."

அப்போது ஒரு பெண் வந்தாள், மால்டாவிலிருந்து.
கக்கத்தில் ஸ்கேன் உறை, கையில் ரைஸ் குக்கர்.
வெளியே ஆட்டோவுக்குள் யாரோ சாய்ந்திருந்தார்.
எத்தனை நாள், என்று பாய் இந்தியில் கேட்டார்.
அவள் உறையைக் கவுன்ட்டர் மேல் வைத்து
அவர் பக்கம் தள்ளினாள்.
பாய் என்னைப் பார்த்தார்.
பிறகு, பார்க்காமலே அடித்தார்: 2099.
அறை எண் 14.

ஒரு நட்சத்திரம். ஒரே ஒரு வார்த்தை.
அழிக்க அரை நொடி ஆனது.
ரன் செய்தேன்.
பில் உடைந்தது. மொத்தம்: 'எண் அல்ல' என்றது திரை.
முன்பணம் உடைந்தது, மாத அறிக்கை உடைந்தது,
நாற்பத்தோரு சோதனைகள் சிவப்பு.
போகும் நாள் தெரியாத ஒருவரை
எப்படிக் கூட்டுவதென்று
எங்கள் மென்பொருளில் யாரும் யோசித்திருக்கவில்லை.
"ஒரு ஸ்டாருக்காகவா இவ்ளோ?" என்றார் ஹேம்நாத்,
நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எட்டு நாள். தினமும் மூன்று மணிக்குக் கரன்ட் போகும்,
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நிற்கும்.
கடைசியில் நான் எழுதியது இவ்வளவுதான்:
தேதி காலியாக இருந்தால்
இன்றுவரை கணக்கிடு.
காலியாக இருந்தால்
காலையில் மெசேஜ் அனுப்பாதே.

சர்டிஃபிகேட்டில் என் இனிஷியல் தப்பு.
'தரவுத்தள மேம்பாடு' என்று போட்டிருந்தார்கள்,
என்னை மேம்படுத்தினார்களா தரவையா தெரியவில்லை.
கேக் வெட்டினோம், ஐயங்கார் பேக்கரி, முட்டை இல்லாதது.
ஆறு மணிக்கு இன்டர்ன்3-ஐ முடக்கிவிடுவார்கள்.

ஐந்து ஐம்பதுக்கு உள்ளே போய்
அறை எண் 14-ஐத் திறந்தேன்.
வெளியேறும் நாள்: நேற்று.
மற்றபடி எல்லாம் சரி, பாக்கி இல்லை,
சாவி திரும்பியிருக்கிறது.

எப்படிப் போனார்கள் என்று எழுத
அதில் கட்டம் இல்லை.
நானும் வைத்திருக்கவில்லை.