தீர்மானம் எண் நான்கு

கூட்டம் மூன்று மணிக்கு.
தீர்மானங்களைப் பதினொன்றுக்கே எழுதிவிட்டேன்.
பத்து வருடமாக இதே வழக்கம்.
மாதத்தின் பெயரை மட்டும் மாற்றுவேன்,
"ஒருமனதாக" என்ற சொல்
தானாகவே வந்து உட்காரும்
ஒவ்வொரு வரியின் கடைசியிலும்.

கீழநத்தங்குடி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
மேலாண்மைக் குழுவில் இருபது பேர்.
வந்தவர்கள் ஆறு.
மிச்சப் பேரிடம் கையெழுத்து வாங்க
எட்டாம் வகுப்புப் பையன் நோட்டோடு
நடவு வயலுக்கே போவான்.
பழைய பக்கங்களில்
பெயருக்குப் பக்கத்தில் சேற்று விரல்.
தணிக்கையில் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் முடிந்திருக்கும்.
தலைவி சித்ராதேவி பேனாவைத் திறந்துவிட்டாள்.
சபுரா பீவி ரேஷன் பையை
மடியிலிருந்து இறக்கவே இல்லை.
டீ வந்தது. மிக்சர் வந்தது.

அபூர்வம்தான் கேட்டாள்,
கயல்விழியின் அம்மா,
எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள்:
"படிச்சுக் காட்டுங்க சார்."

படித்தேன்.
ஒன்று, வருகை. இரண்டு, சத்துணவு. மூன்று, மரக்கன்று.
நான்கு: மாணவியர் கழிவறைக் கதவு
பழுது நீக்கம் செய்யப்பட்ட வகையில்
ரூபாய் எட்டாயிரத்து நானூறு
குழு ஒருமனதாக

"எந்தக் கதவு?"

மிக்சர் கடிக்கும் சத்தம் நின்றது.

எழுந்து நடந்தார்கள். நானும் பின்னால்.
சுற்றுச்சுவர் விழுந்த பக்கம்
ஐப்பசித் தண்ணீர் கணுக்கால் வரை.
கதவு சுவரில் சாய்ந்திருந்தது,
கீழ்ப்பாதி துருவாகி உதிர்ந்து.
கீல் இருந்த இடத்தில் சைக்கிள் டியூப்,
டியூபில் ஒரு முடிச்சு.
பெண்பிள்ளைகள் போட்டது.
ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும்.
எனக்கு இது தெரியும்.
தெரியும் என்பதை இங்கே எழுதுகிறேன்,
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அவள் சத்தம் போடவில்லை.
சாண் சாணாகக் கதவை அளந்தாள்.
துரு தின்றது மூன்றரை.
"மேட்டூர்ல தொறந்தா
நம்ம வாய்க்காலுக்கு எத்தினியாம் நாள் வரும்னு
சின்னப் புள்ளைக்கும் தெரியும்.
வரலைன்னா எந்த மடையில நிக்குதுன்னு
ராத்திரியே டார்ச் எடுத்துக்கிட்டுப் போறோம்.
எட்டாயிரத்து நானூறு எங்க நிக்குது சார்?"

"பணம் இன்னும் வரல.
வந்து செலவானதா எழுதச் சொன்னாங்க."
"யாரு?"
"போன்ல."
"போனுக்குப் பேரு இல்லியா?" என்று
பேனாவை மூடினாள் சித்ராதேவி.

திரும்பி வந்து நான்காவது வரியை அடித்தேன்.
அடித்தால் அடித்த இடத்தில் கையொப்பம் வேண்டும், விதி.
ஆறு பேரும் போட்டார்கள்.
மார்ஜின் போதவில்லை,
மூன்றாம் தீர்மானத்து மரக்கன்றுகளுக்கு நடுவில்
போய் நின்றது பீவியின் பெயர்.

அப்புறம் அவர்கள் சொல்ல, நான் எழுதியது ஒன்று:
இனிக் கூட்டம் மாலை ஐந்தரைக்கு.
மூன்று மணிக்கு வந்தால் அரை நாள் கூலி போகிறது.
பத்து வருடமாகப் பதினான்கு பேரை
"வருகை தரவில்லை" என்று குறித்தவன் நான்.
ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து பேசினார்கள்.
வரி எப்படி அடிபட்டது?
"பெற்றோர் பார்த்தாங்க."
எதை?
"கதவை."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு, எழுத்து மூலமாக விளக்கம் கொடுங்கள் என்றார்கள்.
கொடுத்தேன். மூன்றரை சாண் என்றே எழுதினேன்.

கதவு இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது.
டியூபை மட்டும் யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள்.

இன்று வெள்ளி. பதினொரு மணி.
பேனா கையில் இருக்கிறது, பழக்க தோஷம்.
பக்கத்தில் தேதி மட்டும்.
இருபது பேரும் வருவார்கள் என்று
சித்ராதேவி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.
பள்ளியில் நாற்காலி ஒன்பது.
ஐந்தாம் வகுப்பு பெஞ்சுகளை
ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறேன்.