உப்பிட்டவள்

இரவு இரண்டரைக்கு யிஹ்லவா பணிமனையிலிருந்து
ஆரஞ்சு நிற டாட்ரா லாரியில்
ஏழு டன் உப்போடு கிளம்புகிறவள் நான்.
பின்னால் தட்டு சுழலச் சுழல
சாலையில் அது விழும் சத்தம்
இருட்டில் யாரோ சில்லறை எண்ணுவது மாதிரி.
எண்ணி முடிவதில்லை.
டாட்ராவின் கதவடியில் மூன்றாவது வருடமே ஓட்டை.
அதன் வழியே ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டே
காப்பி குடிப்பேன்.

காலையில் பூட்ஸை வாசலிலேயே கழற்றுவேன்.
முழங்கை வரைக்கும் கழுவுவேன்.
அதற்குப் பிறகுதான் கொட்டகைக் கதவைத் தொடுவது.

உள்ளே என் ஜாவா.
எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி, செர்ரிச் சிவப்பு.
ஒரு பல் மருத்துவர்
விவாகரத்துக்கு முந்தின வாரம்
கணக்கில் வந்துவிடக் கூடாதென்று
பாதி விலைக்குக் கொடுத்தது.
சக்கரக் கம்பிகளின் வேரில் விரல் வைத்து
"இங்கேதான் முதலில் சொத்தை விழும்" என்றார்.
தொழில் புத்தி.

அக்டோபரில் கடைசி ஓட்டம்.
முதல் உறைபனிக்கு நானே தூவியதை
நானே மிதித்துக்கொண்டு வந்தேன்.
உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கட்டும் என்று
அன்று மாலையே குளிப்பாட்டினேன், பச்சைத் தண்ணீரில்.
வெந்நீர் ஆகாது. சூடு பட்டால் உப்புக்கு வெறி பிடிக்கும்.
ஹேர் டிரையரால் சந்து பொந்தெல்லாம் உலர்த்தி,
டேங்கைக் கழுத்துவரை நிரப்பி
(காலி வயிற்றில் காற்று உட்கார்ந்து வியர்க்கும்),
பேட்டரியைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோய்
ரொட்டி டப்பா பக்கத்தில் வைத்தேன்.
சைலன்சர் வாயில் ஒரு பழைய சாக்ஸ்.
ஆட்டு ரோமக் கொழுப்பை க்ரோமில் தடவத் தடவ
கொட்டகை முழுக்க நனைந்த கிடாய் வாசனை.
மேலே பிளாஸ்டிக் அல்ல, பருத்திப் போர்வை.
இரும்புக்கும் மூச்சு முட்டும்.

ரத்மில் ரேடியோவில் கேலி செய்வான்:
"யித்கா, ராத்திரி விஷம் வைக்கிறாய்,
பகலில் வைத்தியம் பார்க்கிறாய்.
சம்பளம் இரண்டுக்கும் வருகிறதா?"

ஜனவரியில் ஒரு ராத்திரி,
சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
என் தெருமுனை வந்ததும்
கை தானாகப் போய் விசையை மூடியது.
இருநூறு மீட்டர். அவ்வளவுதான்.
கொட்டகைக் கதவுக்கடியில் காற்று தள்ளிக்கொண்டு வரும்
அந்த வெள்ளைத் தூள்
ஒரு நாளாவது வராமலிருக்கட்டும் என்று.

ஐந்தே காலுக்குப் பால் வண்டிக்காரன் க்வாபில்
அதே இருநூறு மீட்டரில் வழுக்கி
ஷிமாச்கோவா அம்மாளின் வேலியைப் படுக்கவைத்தான்.
அவனுக்கு ஒன்றுமில்லை. தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான்.
"இந்த இடம் மட்டும் ஏன் இப்படி?"
என்னிடம் கேட்கவில்லை. சாலையிடம் கேட்டான்.
"காற்று" என்றேன் நான்,
கையில் மண்வாரியோடு.

வேலிக்குப் புதுப் பலகை நானே அடித்தேன்.
ஏன் என்று அம்மாள் கேட்டாள்.
வாயில் ஆணி இருந்தது, பதில் சொல்லவில்லை.
துத்தநாகம் பூசிய ஆணி.

அன்றிலிருந்து அந்த வளைவுக்கு இரண்டு பங்கு உப்பு.
ஜாவாவுக்கும் இரண்டு கை கொழுப்பு.
இருந்தும் பிப்ரவரியில்
பின் மட்கார்டின் உள்மடிப்பில் ஒரு புள்ளி,
மிளகளவு, பழுப்பு.
கம்பிப் பஞ்சை எடுத்தேன்.
பிறகு கீழே வைத்துவிட்டு
மேலே மெழுகை மட்டும் பூசினேன்.
அதன் பிறந்த தேதி எனக்குத் தெரியும்.

மார்ச் முழுக்க மழை.
ஏப்ரலில், வேலையில்லாத ஒரு காலை,
தெருமுனையில் குனிந்து சாலையைத் தொட்டு
விரலை நாக்கில் வைத்தேன்.
ஜன்னலில் ஷிமாச்கோவா அம்மாள்
திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தார். புழுதி. கொஞ்சம் நாய்.
கரிப்பில்லை.

சாக்ஸை உருவப் போனேன்.